மேடைச் சாட்சிக்கு முன் மருத்துவச் சான்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவின் பெயரால் இன்றும் நோய்கள் அற்புதமாகக் குணமாகின்றனவா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் வெளியான மடல்களை வாசித்தேன். அவை அனைத்தும் ஏமாற்று என்கிறார்கள் ஒரு சாரார். கேள்வி கேட்பதே விசுவாசத்துக்கு விரோதம் என்கிறார்கள் மறுசாரார். கன்னியாகுமரி மாவட்டத்தில் மிஷன் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள், தென்னிந்தியத் திருச்சபை எனப்படும் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள் என்ற முறையில், இரு தரப்பாரும் தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கடவுள் இன்றும் குணமாக்குகிறார் என்று நான் நம்புகிறேன். ஆனால், குணமானதாகச் சொல்லப்படும் எதையும் சோதித்துப் பதிவு செய்த பிறகே மேடையேற்ற வேண்டும் என்பதும் கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே இருக்கும் கட்டளைதான். நம் சபைகள் பலவும் அதைக் கைகழுவிவிட்டன.

வேதாகமத்தின் மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் குஷ்டரோகி ஒருவன் சுத்தமானவுடன், இதை ஒருவருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றுதான் இயேசு அனுப்புகிறார். லூக்கா பதினேழில் பத்துப் பேருக்கும் இதே உத்தரவு. அக்காலத்தில் தோல் நோயைப் பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. சந்தேகத்துக்குரிய தடிப்பைப் பார்ப்பது, ஏழு நாள் தனியே வைப்பது, மறுபடியும் பார்ப்பது, முடியின் நிறத்தைக் கவனிப்பது என்று லேவியராகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் ஏறத்தாழ ஒரு வார்டு கையேடு போலவே இருக்கிறது. யோவான் ஒன்பதில் பிறவிக் குருடன் பார்வையடைந்தபோது, யூத மதத் தலைவர்களான பரிசேயர் அவனுடைய பெற்றோரையே அழைத்து, இவன் உங்கள் மகன்தானா, குருடனாகவே பிறந்தானா, இப்போது எப்படிப் பார்க்கிறான் என்று விசாரித்தார்கள். அவர்களுடைய நோக்கம் கெட்டது; கேட்ட கேள்விகள் என்னவோ சரியானவைதான். அந்த விசாரணை நடந்ததால்தான் அந்தக் குணமடைதல் இத்தனை விவரங்களோடு நமக்குக் கிடைத்திருக்கிறது.

அற்புதங்கள் இயேசுவின் முதல் சீடர்களான அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்று வாதிடும் கிறிஸ்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியலாளர் பெஞ்சமின் வார்ஃபீல்டு 1918இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதல் இதற்கு நேர் எதிரான நிலையை உலகெங்கும் கொண்டு சென்றது. இந்த இரு முனைகளுக்கும் வெகு காலத்துக்கு முன்பே ஒரே மனிதருக்குள் இந்த வழக்கு நடந்து முடிந்திருக்கிறது. இளமையில், அத்தகைய அற்புதங்கள் இனித் தொடர அனுமதிக்கப்படவில்லை என்று எழுதிய பழங்கால வட ஆப்பிரிக்க ஆயர் புனித அகுஸ்தினார், முதுமையில் ‘கடவுளின் நகரம்’ என்ற தம் பெருநூலின் இருபத்திரண்டாம் பகுதியில், தம் ஊராகிய ஹிப்போவில் இரண்டே ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 70 நிகழ்வுகள் பதிவாகியிருப்பதாகச் சொல்கிறார். எனக்கு அவர் மனம் மாறியதைவிட, அவர் கையாண்ட முறைதான் பெரிதாகத் தோன்றுகிறது. குணமடைந்தவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி, சபையின் முன் வாசிக்கச் செய்தார். மார்பில் வந்த புற்றுநோய் நீங்கப்பெற்ற கார்த்தேஜ் நகரத்துப் பெண்மணி ஒருவர் அதை வெளியே சொல்லாமல் இருந்ததற்காக அகுஸ்தினார் அவரைக் கடிந்துகொண்டார். அந்தப் பெண்மணியை முன்பு பரிசோதித்த மருத்துவர் இருந்தார், நோயின் பெயர் இருந்தது, பிறகு அதே மருத்துவர் மீண்டும் பார்த்தார் என்பதையும் அகுஸ்தினார் எழுதத் தவறவில்லை.

இந்த முறையை இக்காலத்தில் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது பிரான்சின் லூர்து நகரம். நான் புராட்டஸ்டண்டு, மாதா திருத்தலங்களைக் குறித்து எங்களுக்கு வேறு கருத்துகள் உண்டு. ஆயினும் இந்த ஒரு காரியத்தில் அவர்களிடம் நாங்கள் பாடம் கேட்க வேண்டும். 1858ஆம் ஆண்டு நிகழ்ந்த மாதா காட்சிகளுக்குப் பின் அங்கே கூட்டம் பெருகியபோது, குணமானதாக வருகிறவர்களைச் சோதிக்க 1883இல் மருத்துவ அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. எந்த மதத்தைச் சேர்ந்த மருத்துவரும், மத நம்பிக்கையே இல்லாத மருத்துவரும்கூட, அங்கே வந்து கோப்புகளைப் பார்க்கலாம். நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும். அது உறுதியாகக் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். குணம் திடீரென்றும் முழுமையாகவும் வந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்ட சிகிச்சையால் அது நேர்ந்ததென்று சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். ஆண்டுகள் பல கடந்தும் நிலைத்திருக்க வேண்டும். பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான கர்தினால் லம்பெர்த்தினி பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்கள் இவை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் குணத்தை அந்த அலுவலகத்தில் அறிவித்திருக்கிறார்கள். அவற்றில் கத்தோலிக்கத் திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டியவை மட்டும்.

ஏற்கப்பட்டவற்றுள் ஒன்று, இடுப்பெலும்பைப் புற்றுக்கட்டி அரித்துவிட்ட இத்தாலியப் படைவீரர் ஒருவருடையது. அவர் 1963இல் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டோடு லூர்துக்குக் கொண்டுவரப்பட்டார். அதன்பின் எடுத்த எக்ஸ்ரே படங்களில், அழிந்துபோன எலும்பு மீண்டும் உருவாகியிருந்தது. அறிவிப்பு வெளியானதோ 1976இல்தான். முதுகுத்தண்டின் அடிநரம்புகள் பாதிக்கப்பட்டு நெடுங்காலம் துன்புற்ற பிரெஞ்சு அருட்சகோதரி ஒருவர் 2008இல் குணமடைந்தார், 2018இல் அறிவித்தார்கள். இதற்கு நேர்மாறான இன்னொரு கோப்பும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1902இல் லூர்துக்குச் சென்ற நோயாளர் ரயிலில் உடன் போய், வயிறு வீங்கிச் சாகும் தறுவாயில் இருந்த இளம்பெண் ஒருவர் தம் கண்ணெதிரே தேறியதைக் கண்டு திகைத்து எழுதினார். அவ்வளவு பெரிய விஞ்ஞானியின் சாட்சி இருந்தும், அந்தக் குணம் இன்றுவரை புதுமை என்று அறிவிக்கப்படவில்லை. நம்மூரில் இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் மறுநாளே சுவரொட்டி அடித்துவிடுவார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கே இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம் பிள்ளை, 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி. அப்படியிருந்தும், கருவில் உயிரற்றுவிட்டதாக மருத்துவர்கள் சொன்ன சிசு ஒன்று அவருடைய பரிந்துரையால் 2013இல் பிழைத்ததென்ற முறையீட்டை மருத்துவ ஆவணங்களோடு ஆராய்ந்து, 2020இல்தான் வத்திக்கான் அதை ஏற்றது. அந்த முடிவை ஏற்காதவர்கள் இருக்கலாம். ஆராய்வதற்கு ஓர் ஆவணமாவது இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர் சுகமளிக்கும் கூட்டங்களைப் பார்க்க வேண்டுகிறேன். கன்வென்ஷன் மைதானத்தில் மேடையின் பக்கவாட்டில் கயிறு கட்டி, சாட்சி சொல்ல வருகிறவர்களை வரிசையில் நிறுத்துகிறார்கள். தொண்டர்கள் கையில் அச்சிட்ட படிவம் இருக்கும். பெயர், ஊர், சபை, என்ன வியாதி, என்ன சுகம் என்பவற்றுக்கெல்லாம் கட்டங்கள் உண்டு. தொலைபேசி எண்ணுக்கு மட்டும் இரண்டு கட்டங்கள். யார் நோயைக் கண்டறிந்தார், எந்த மருந்து நடக்கிறது, ஸ்கேன் எப்போது எடுத்தது என்பதற்கு இடமே இல்லை. ஜெபம் முடிந்து அரைமணி நேரத்துக்குள், மூட்டுத் தேய்ந்த மூதாட்டி கைத்தடியைத் தூக்கிப் பிடித்தபடி மேடையில் நடப்பார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். மன எழுச்சியில் உடல் வலியை மறந்துவிடும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த செய்தி. மறுநாள் வீங்கிய முழங்காலோடு புறநோயாளிப் பிரிவுக்கு வரும் அதே மூதாட்டியைப் பார்க்க அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இருப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த இரவில் அவருக்கு உண்மையாகவே வலிக்கவில்லை. பிழை அவருடையதன்று, அரைமணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டவர்களுடையது.

மூட்டுவலியோடு முடிந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன். நான் பணியில் இருந்த காலத்தில், வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டுவந்த சிறுவன் ஒருவன், விட்டுவிட்டு வந்துகொண்டேயிருந்த வலிப்போடு நள்ளிரவில் கொண்டுவரப்பட்டான். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டதற்குத் தாய் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய துணிப்பையில் டவல் எடுக்கக் கைவிட்டபோது, ஒன்றுகூடப் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் மூன்று கிடைத்தன. ஜெபித்தாயிற்று, இனி மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இத்தகைய தொடர் வலிப்பு வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பையன் பிழைத்தான், பேச்சு பழையபடி திரும்பவில்லை. வார்டுக்கு வந்த ஊழியக்காரர், மாத்திரையை நிறுத்தும்படி தாம் ஒருபோதும் சொல்லவில்லை என்றும், விசுவாசிக்கும்படி மட்டுமே சொன்னதாகவும் விளக்கினார். இருக்கலாம். ஆனால் மேடையில் சொல்லாமல் விடுவதும் ஒரு போதனைதான். இன்சுலின், காசநோய் மருந்து, ரத்த அழுத்த மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து ஆகிய எதை எடுத்துக்கொள்பவரும், மருத்துவர் சொல்லும்வரை அதை நிறுத்தக்கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒலிபெருக்கியில் அறிவிக்க இரண்டு நிமிடம் ஆகாது.

குணமாகாதவர்களின் நிலை இதைவிடப் பரிதாபமானது. உனக்கு விசுவாசம் போதவில்லை, வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெண், வலியோடு சேர்த்து இந்தக் குற்றச்சாட்டையும் சுமந்துகொண்டு படுத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேதத்தில் இதற்கு ஆதாரம் தேடினால் எதிரானதுதான் கிடைக்கும். அப்போஸ்தலர் பவுல், தம் மாம்சத்திலிருந்த முள் என்று குறிப்பிட்ட உபாதை நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. தம் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியாகவே விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். இன்னொரு உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் என்று வீட்டு வைத்தியம் சொல்கிறார். அவர்களில் எவரையும் அவர் அவிசுவாசி என்று அழைக்கவில்லை. யாக்கோபின் நிருபமும், வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்கிறதே அல்லாமல், அவன் மேடையேறி வரிசையில் நிற்கட்டும் என்று சொல்லவில்லை.

விஞ்ஞானம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்காக ஜெபிக்கப்படுவதை அறியாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. ஜெபிக்கப்படுவதை அறிந்திருந்தவர்களிடம் அது 59 சதவீதமாக இருந்தது. ஜெபம் வேளாவேளைக்கு அளந்து கொடுக்கும் மருந்தன்று என்பதால் இந்த முடிவு என் நம்பிக்கையை அசைக்கவில்லை; ஆனால் ஜெபித்தால் நிச்சயம் சுகம் என்று உத்தரவாதம் தருகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிறுநீரகப் புற்று, குழந்தைகளுக்கு வரும் சிலவகை நரம்புக் கட்டிகள் போன்றவை அபூர்வமாகத் தாமாகவே சுருங்குவதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அப்படிச் சுருங்கியதில் கடவுளின் கை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இன்ன ஊழியக்காரரின் கைதான் என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கியவர்களும், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியை ஆரம்பித்த மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரும் ஜெபத்தில் குறைந்தவர்கள் அல்லர். அதே வேலூரில்தான் 1940களின் பிற்பகுதியில் மிஷனரி அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். ஜெபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று போட்டி என்ற எண்ணம் இந்த மண்ணின் கிறிஸ்தவத்தில் பிற்பாடு வந்து சேர்ந்தது.

ஆகவே சபைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பேராயங்களும் மறைமாவட்டங்களும் சுயாதீன சபைகளும் சேர்ந்து, கிறிஸ்தவர் அல்லாத மருத்துவர்களும் இடம்பெறும் சிறு குழு ஒன்றை ஏற்படுத்தலாம். சாட்சி சொல்ல விரும்புகிறவர் முந்தைய பரிசோதனை அறிக்கைகளையும் பிந்தையவற்றையும் அந்தக் குழுவிடம் தரட்டும். ஓராண்டு கழித்து மறுபடியும் பரிசோதித்துக்கொள்ளட்டும். அதன்பிறகு, அவர் சம்மதித்தால், கோப்போடு வெளியிடட்டும். நூறு கோப்புகளில் ஒன்று தேறினாலும் அதற்கு இருக்கும் மதிப்பு இன்றைய ஆயிரம் மேடைச் சாட்சிகளுக்கு இல்லை. தங்கள் நாளிதழுக்கும் ஒன்று: சர்க்கரை நோய், வலிப்பு, புற்றுநோய் முதலிய நோய்களுக்கு மாந்திரீக நிவாரணம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஜெபக் கூட்டங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நோயின் பெயரைக் குறிப்பிட்டுச் சுகம் நிச்சயம் என்று வாக்களிக்கும் கூட்ட விளம்பரங்களை எந்த மதத்தினர் கொடுத்தாலும் ஏற்பதில்லை என்று தாங்களே முடிவெடுக்கலாமே. அப்படியொரு மருத்துவக் குழு அமையுமானால், கோப்புகளை ஒழுங்குபடுத்தித் தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற செவிலியர்கள் எங்கள் மாவட்டத்தில் பலர் இருக்கிறோம், ஊதியம் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்.