பென்லீயின் கதையை ஓர் இரவுக்குள் அடைக்காதீர்கள்

பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ.-யில் உயிர்காப்புப் படகு நிலையங்களின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலுள்ள பென்லீ நிலையம் என்றதும் நீங்களும் சரி, பத்திரிகைக்காரர்களும் சரி, நேராக 1981 டிசம்பர் 19-க்குப் போய்விடுகிறீர்கள். போகாமல் இருக்க முடியாதுதான். முதல் பயணத்திலேயே எஞ்சின் நின்றுபோன ‘யூனியன் ஸ்டார்’ சரக்குக் கப்பலைப் புயல் பாறைப்பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. ‘சாலமன் பிரவுன்’ என்ற 47 அடி மரப்படகு எட்டு பேரோடு இறங்குகிறது. நால்வரை ஏற்றிவிட்டோம் என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல். அப்புறம் சத்தமே இல்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு. பதினாறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

படித்து முடித்தால் துக்கம் தொண்டையை அடைக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: நால்வர் கிடைத்த பிறகும் ஏன் மறுபடி கப்பலை ஒட்டிப் போனார்கள்? அசட்டுத் துணிச்சலா? அந்த ஓர் இரவை மட்டும் சொன்னால் இப்படித்தான் கேட்கத் தோன்றும்.

பதில் 1947-இல் இருக்கிறது. அந்த ஏப்ரலில், முதல் உலகப் போரில் ஜட்லண்ட் கடற்போரைக் கண்ட ‘வார்ஸ்பைட்’ போர்க்கப்பலை உடைப்பதற்காக இழுத்துப் போனார்கள். காற்றில் வடம் அறுந்து, கப்பல் பிரஷியா கோவ் பாறைகளில் ஏறி நின்றது. உள்ளே எட்டு பேர். பென்லீயின் அன்றைய படகு ‘டபிள்யூ அண்ட் எஸ்’. அதன் தலைவர் எட்வின் மாட்ரன் கப்பலுக்கும் பாறைக்கும் நடுவே இருந்த இடுக்கில் படகைச் செருகினார். அலை தூக்கும்போது கப்பலோடு மோதாமல், இறங்கும்போது பாறையில் உட்காராமல் பிடித்துக்கொண்டே எட்டு பேரையும் இறக்கினார். வெள்ளிப் பதக்கம் கொடுத்தது நீங்கள்தான். ஒட்டிப் போவது அந்த நிலையத்துக்குத் தெரிந்த வேலை. அதே படகுக் கொட்டகையிலிருந்துதான் 34 வருடம் கழித்து ‘சாலமன் பிரவுன்’ படகின் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸும் புறப்பட்டார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிய ஆளும் இல்லை. நைஜல் பிராக்மன் ஏற்கெனவே படகில் இருந்ததால், அவருடைய மகன் நீலை ஏற்ற மறுத்துவிட்டார். இந்த மாதிரி இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும் என்று கணக்குப் போட்டவர் அவர். கரையில் நின்ற அந்தப் பையன் பின்னாளில் பென்லீ படகின் தலைவரானார் என்பதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறீர்கள். எனக்கு அது ஒரு வரிச் செய்தியாகப் படவில்லை.

விபத்து நடந்து ஒரு நாளுக்குள், இறந்த படகுக்காரர்களின் ஊரான மவ்ஸ்ஹோல் கிராமத்தில் புதுக் குழுவுக்குப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். 1983-இல் பென்லீயின் புதுப் படகு பக்கத்து நியூலின் துறைமுகத்துக்கு மாறியது. இறந்த படகுக்காரர்களின் குடும்பங்களுக்காக மக்கள் கொடுத்த பணத்துக்கு அரசு வரி கேட்கப் பார்த்த கூத்தும் நடுவில் நடந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கேட்பது இதுதான். அடுத்த டிசம்பரில் அவர்கள் நினைவாக மவ்ஸ்ஹோல் ஒரு மணி நேரம் கிறிஸ்துமஸ் விளக்குகளைக் குறைக்கும்போது நீங்களும் எழுதுவீர்கள். அப்போது மாட்ரனிலிருந்து தொடங்குங்கள். அவர் இறக்கிய எட்டு பேரும் உயிரோடு கரைக்கு வந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்