நான்காவது குழாய்

மண்டபம்
புதன்கிழமை இரவு

அன்புள்ள காதர்,

நலம், நலமறிய ஆவல். பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். டி.என்.ஏ.வின் நான்கிழை வடிவத்தைக் கண்டறிய எந்த ஒளிர்சாயம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருந்தால் அது தவறான பதிலாக இருந்திருக்கும்.

எங்கள் கல்லூரியில் ஆறு மாதமாகத் தயோஃபிளேவின் டி என்னும் மஞ்சள் சாயத்தைக் கொண்டு வேலை செய்கிறோம். புரத இழைத் திரட்சிகளைக் காட்டுவதற்கென்று நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது, விலையும் குறைவு. அதன் மூலக்கூறின் இரு பாதிகளும் ஓர் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றித் திரும்பக் கூடியவை. தண்ணீரில் தனியாகக் கிடக்கும்போது, வாங்கிய ஒளியையெல்லாம் அந்தத் திருப்பத்திலேயே வெப்பமாக இழந்துவிடும். கயிறு தளர்ந்த வத்தையின் பாய் படபடத்துக் காற்றை வீணாக்குவதை நீயும் நானும் எத்தனை முறை கரையில் நின்று பார்த்திருக்கிறோம்! கயிற்றை இழுத்துக் கட்டியதும் அதே காற்றில் வத்தை ஓடும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ‘ஜி’ என்று குறிக்கப்படுவது குவானின்; அப்படி நான்கு குவானின்கள் சதுரமாகக் கைகோத்த தட்டின்மீது இச்சாயம் படிந்ததும் திருப்பம் நின்று, நீலப்பச்சையாக ஒளி வீசுகிறது.

குவானின் அடங்கிய குவானிலிக் அமிலம் கூழாக உறைவதை 1910-லேயே பார்த்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பது இந்த நான்கு குவானின்களின் கூட்டு என்று ஜெல்லர்ட்டும் அவருடைய தோழர்களும் 1962-இல் காட்டினார்கள். மனிதக் குரோமோசோம் முனையில் டி டி ஏ ஜி ஜி ஜி என்ற தொடர் திரும்பத் திரும்ப வருவதால், ஒரே இழை தன்மேலேயே நான்காக மடிந்து மூன்று தட்டுகளை அடுக்கிக்கொள்கிறது. தட்டுகளுக்கு நடுவே பொட்டாசியம் அயனி கச்சிதமாக அமரும். சோடியத்தின் பிடி அவ்வளவு உறுதியன்று. நம் கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 10.8 கிராம் சோடியமும் 0.4 கிராம் பொட்டாசியமுமே உண்டு. ஆனால் உயிரணுவின் உள்ளே பொட்டாசியமே மிகுதி. இந்த மடிப்பு உயிருக்குள் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடந்ததைச் சொல்கிறேன். பாம்பனிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் இருட்டறையில் நான்கு குழாய்களை நீல விளக்கின் முன் வைத்தாள். சாயம் மட்டும் இருந்தது இருண்டே கிடந்தது. இரட்டை இழை டி.என்.ஏ. சேர்த்த குழாயில் இலேசான மினுக்கம். முனைத்தொடரும் பொட்டாசியமும் இருந்ததில் நல்ல ஒளி. நான்காவதில் முனைத்தொடர் உண்டு, பொட்டாசியம் இல்லை. அது இருளாக இருக்கும் என்றே எதிர்பார்த்தோம். அதுவும் ஒளிர்ந்தது. "பொட்டாசியம் போடவே இல்லையே சார், அப்புறம் ஏன் எரியுது?" என்றாள். பிப்பெட்டில் உப்பு ஒட்டியிருக்கும் என்று சொல்லி எல்லாவற்றையும் கழுவச் செய்தேன். புதிய பஃபர் (அமிலநிலை மாறாமல் காக்கும் கரைசல்) தயாரித்து மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தோம், ஒளி குறையவில்லை.

விடை, நான் பலமுறை மேற்கோள் காட்டிய கட்டுரையிலேயே இருந்தது. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. இச்சாயம் மனித முனைத்தொடரின் நான்கிழையை உணர்த்துவது மட்டுமன்று, அதை உருவாக்கவும் தூண்டுகிறது என்று அதன் தலைப்பே கூறுகிறது. அதாவது, மடியாமல் கிடந்த இழையைச் சாயமே மடித்துவிட்டு, பிறகு மடிப்பு இருப்பதாகச் சாட்சி சொல்கிறது. ஒளி கண்டால் நான்கிழை முன்பே இருந்தது என்று வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது பிழை. அதை மாணவர்களிடம் ஒப்புக்கொண்டு, ஆய்வேட்டில் இரண்டு பக்கங்களைத் திருத்தி எழுதச் செய்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் அதில் அவள் பெயரோடு சேர்க்கச் சொன்னேன்.

ஆகவே, சாயத்தை வாங்கு. அதை மட்டும் நம்பி முடிவு எழுதாதே. என்.எம்.எம். என்னும் போர்ஃபைரின் சாயம் இரட்டை இழையை ஏறத்தாழப் பொருட்படுத்தாது என்பது பெரிய வசதி. ஆனால் இணைத்திசையில், அதாவது நான்கு இழைப் பகுதிகளும் ஒரே திசை நோக்கும்படி, மடிந்த வடிவங்களையே அது விரும்பும். வேறு விதமாக மடிந்தவற்றை மங்கலாகவே காட்டும். சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியனின் கேம்பிரிட்ஜ் குழு, மனித உயிரணுக்களில் நான்கிழையைக் காண, அதை மட்டும் தேடிப் பற்றும் புரதமான எதிர்ப்பொருளைப் பயன்படுத்தியதும் அதே 2013-இல்தான். அங்கும், பற்றிக்கொள்ளும் பொருளே வடிவத்தை நிலைநிறுத்துகிறதோ என்ற கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. சாயம் தொடாத மாதிரியை வட்ட இருநிறமைக் கருவியில் (இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியை மாதிரி எவ்வளவு வேறுபட்டு உறிஞ்சுகிறது என்று அளந்து மடிப்பைக் காட்டுவது) பார்க்க வேண்டும். பொட்டாசியத்தில் மடிந்திருந்தால் வரைபடத்தில் 290 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மேடு தெரியும். உப்பில்லாத மாதிரியில் அது தாழ்ந்திருந்து, சாயம் சேர்த்த பின் உயர்ந்தால் எங்கள் ஐயம் தீரும். அந்தக் கருவி இங்கே இல்லை, உங்கள் துறையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை மதுரை ரயிலில் அவளையே அனுப்புகிறேன். தெர்மோகோல் பெட்டிக்கு மீன் கம்பெனியில் ஐஸ் சொல்லியாயிற்று. நான்கு குழாய்களிலும் எண் மட்டுமே எழுதியிருக்கும்; எதில் என்ன இருக்கிறது என்பதை அளந்து முடித்த பிறகு அவளிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
முருகேசன்