செயலாளர் ஆண்டறிக்கை 2024: திரையில் சன் யாட் சென்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பினாங்குத் திரைப்படச் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஆண்டு முழுவதும் ஒரே பொருளில் படம் பார்ப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவு செய்தோம். எந்தப் பொருள் என்பதில்தான் இழுபறி. கடைசியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "அந்தப் பக்கம் பத்து நிமிசம் நடந்தா ஆர்மீனியன் தெரு. சீனாவோட முதல் அதிபர் உட்கார்ந்து திட்டம் போட்ட வீடு அங்கதான் இருக்கு. நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கோம்?" என்று கேட்டார். மூன்று பேர்தான் கை தூக்கினார்கள். அத்தோடு பொருள் முடிவாயிற்று.

அந்த அதிபர்தான், சீன முடியாட்சியை வீழ்த்திய புரட்சியின் தலைவர் டாக்டர் சன் யாட் சென். அவர் பாத்திரமாக வரும் ஐந்து படங்களைத் திரையிட்டோம். அவற்றைப் பார்த்த வரிசையிலேயே சொல்லாமல், எங்களை அதிகம் பேச வைத்தவற்றை விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் பார்த்தது 1992-இல் வந்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா' இரண்டாம் பாகம். இயக்கம் சுய் ஹார்க். கதை 1895-இல் குவாங்சௌ நகரில் நடக்கிறது. ஜெட் லீ நடித்த வோங் ஃபெய் ஹுங் என்ற சீன வைத்தியர், மருத்துவர்கள் மாநாட்டில் அக்குபங்சர் செய்து காட்டுகிறார். வெள்ளைக்கார மருத்துவர்களுக்கு அது புரியவில்லை. அப்போது அவையிலிருந்து ஓர் இளம் மருத்துவர் எழுந்து வந்து மொழிபெயர்க்கிறார். அவர்தான் சன். புரட்சித் தலைவரை மேடையில் முழங்க வைக்காமல், இன்னொருவர் பேச்சைப் பிறருக்குப் புரிய வைப்பவராக அறிமுகப்படுத்தியது மிகப் பொருத்தம். ஹவாயில் பள்ளிப் படிப்பும் ஹாங்காங்கில் மருத்துவமும் படித்து, இரண்டு உலகங்களுக்கு நடுவே நின்ற மனிதர் அவர். சாங் தியெலின் நடித்த அந்தச் சிறு வேடம், பின்னால் வந்த பெரிய வேடங்களைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது.

மற்ற படங்களில் ஒரு குறை தொடர்ந்து வந்தது. சீராக வாரிய தலை, ஒழுங்கான மீசை, குரல் உயராத நிதானம். ஒவ்வொரு வாக்கியமும் கல்வெட்டில் பொறிப்பதற்காகச் சொன்னது போல இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. சீனப் பெருநிலம் அவரைப் புரட்சியின் முன்னோடி என்கிறது. அக்டோபர் முதல் தேதி தேசிய நாளுக்குத் தியனன்மென் சதுக்கத்தில் அவர் படத்தை வைக்கிறது. தைவான் அவரைத் தேசத்தந்தை என்கிறது. அங்கே நூறு டாலர் தாளில் இருப்பது அவர் முகம். எதிரெதிராக நிற்கும் இரண்டு தரப்பும் ஒரே மனிதரைக் கும்பிடும்போது, அவரைத் தடுமாற வைக்கவோ கோபப்பட வைக்கவோ எந்த இயக்குநருக்கும் கை வராது. வின்ஸ்டன் சாவ் என்ற தைவான் நடிகர் 1997, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்களில் சன் ஆக நடித்திருக்கிறார். நல்ல நடிகர். அவர் கண்களில் களைப்பு தெரிகிறது. வசனம்தான் அவரைக் களைக்க விடவில்லை.

'பாடிகார்ட்ஸ் அண்ட் அசாசின்ஸ்' (2009) காட்டிய அன்று இரவு பத்தரை வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சன் ஹாங்காங்குக்கு ஒரு நாள் வருகிறார். அவரைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள். காப்பாற்ற ரிக்‌ஷாக்காரர், வணிகர், சூதாடி என்று சாதாரண மக்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி கற்பனை. தலைவர் திரையில் வருவது சில நிமிடங்கள்தான். அவர் பத்திரமாகக் கூட்டம் நடத்த வேண்டும் என்பதற்காக, அவர் வேடத்தில் ரிக்‌ஷாவில் சுற்றி வரும் வணிகர் மகன் செத்துப் போகிறான். "தலைவர் வராமலே படம் முழுக்க வந்துட்டார்" என்றார் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற உறுப்பினர். இன்னொரு சகோதரி அதை ஏற்கவில்லை. "அந்தப் பையனோட அப்பா முகத்தைப் பார்த்தீங்களா? அந்த உயிருக்குத் தலைவர் என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டார். இருவர் சொன்னதும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. என் மனம் அந்தச் சகோதரியின் பக்கம்.

மேபல் சுங் இயக்கிய 'தி சூங் சிஸ்டர்ஸ்' (1997) மகளிர் பிரிவு கேட்டுத் திரையிட்டது. 1915-இல் அந்தச் சகோதரிகளில் ஒருவரான சூங் சிங் லிங்கை மணந்தபோது சன்னுக்கு நாற்பத்தெட்டு வயது. மணப்பெண் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பெண்ணின் தந்தை சார்லி சூங், சன்னின் பழைய நண்பர். சியாங் வென் நடித்த அந்தத் தந்தையின் ஆத்திரத்தில்தான் முதன்முறையாகச் சன் மீது ஒருவர் நேருக்கு நேர் கோபப்படுவதைப் பார்த்தோம். அரங்கில் மூச்சுச் சத்தம் கூட இல்லை.

'1911' (2011) புரட்சியின் நூற்றாண்டுக்காக எடுத்தது. சண்டைக் காட்சிகள் பிரமாண்டம். 1912 ஜனவரி 1-இல் நான்ஜிங்கில் தற்காலிக அதிபராகப் பொறுப்பேற்றவர், முடியாட்சி ஒழிய வேண்டும் என்பதற்காகப் பதவியை மன்னராட்சியின் பிரதமராக இருந்த யுவான் ஷிகாயிடம் கொடுத்துவிட்டு, மூன்றே மாதத்தில் விலகினார். என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் பெரிய காட்சி அதுதான். படம் அங்கே இன்னும் நின்றிருக்க வேண்டும்.

இனி நம் ஊர்க் கதை. நவம்பரில் 'ரோட் டு டான்' (2007) திரையிட்டோம். டெரெக் சியு இயக்கம். 1910-ஆம் ஆண்டுப் பினாங்கில் நடக்கும் கதை, இங்கேயே படமாக்கினார்கள். வணிகர் மகளாக நடித்த லீ சின் ஜே பக்கத்துக் கெடாவில் பிறந்தவர். தெருக்கள் திரையில் வரவர உறுப்பினர்கள் பெயர் சொல்லிக் கொண்டிருந்தார்கள், நானும்தான்.

அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒன்பது எழுச்சிகள் தோற்றுவிட்டன. சன்னின் புரட்சி அமைப்பான தோங்மெங்ஹுய் இயக்கத்தின் தென்கடல் (தென்கிழக்காசிய) தலைமையகம் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு வந்துவிட்டது. கையில் காசு இல்லை. நவம்பர் 13 அன்று டத்தோ கெராமட் சாலையில் ஒரு வீட்டில் அடுத்த எழுச்சிக்குத் திட்டம் போடுகிறார்கள். அதே மாதம் ஆர்மீனியன் தெருவில் கூட்டம் கூட்டி, அந்த இடத்திலேயே 8,000 வெள்ளி திரட்டுகிறார்கள். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் பணம் கேட்கிறேனே என்று அந்தக் காலத்தில் அவரே வருந்திப் பேசியிருக்கிறார். ஐந்து படங்களில் இந்தப் படத்தில்தான் அவர் கை நீட்டிக் கேட்பவராக, பதிலுக்குக் காத்திருப்பவராகத் தெரிகிறார். அதனால்தான் மனிதராகவும் தெரிகிறார். அந்தப் பணத்தில் நடந்த குவாங்சௌ எழுச்சியும் 1911 ஏப்ரலில் தோற்றது; அதில் உயிர்விட்டவர்களுக்குத்தான் 'எழுபத்திரண்டு தியாகிகள்' என்ற பெயர் நிலைத்தது. அதற்குள் ஆங்கில அரசு அவரைப் பினாங்கைவிட்டு வெளியேற்றியிருந்தது. அக்டோபரில் சீனாவின் வூசாங் நகரில் புரட்சி வென்றபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

திரையிடலுக்கு மறுநாள் காலை இருபத்திரண்டு பேர் ஆர்மீனியன் தெரு 120-ஆம் எண் வீட்டுக்குப் போனோம். குறுகிய முகப்பு, உள்ளே போகப் போக நீளும் வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். சமையற்கட்டில்தான் அதிக நேரம் நின்றோம். சென் சுய்ஃபென் பற்றி அங்கே பேச்சு வந்தது. ஆண்டுக்கணக்காகச் சன்னுடன் இருந்து, தோழர்களுக்குச் சோறாக்கிப் போட்டு, தகவல் கொண்டு போன பெண்மணி அவர். அவரை நடுவில் வைத்து யாராவது ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மகளிர் பிரிவு தீர்மானம் எழுதியிருக்கிறது. இயக்குநர்கள் யாரும் நம் தீர்மானத்தைப் படிக்கப் போவதில்லை என்று ஒருவர் சொன்னார். இருந்தாலும் குறிப்பேட்டில் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

மற்றச் செய்திகள். ஜூன் மாதத் திரையிடலுக்குப் பேசி வைத்த மண்டபம் முந்தைய நாள் மாலை கைவிரித்துவிட்டது. முன்பணம் இன்னும் திரும்பவில்லை. இரண்டு கடிதம் போட்டிருக்கிறோம். இப்படங்களுக்குத் தமிழ்த் துணையுரை கிடைக்காததால், ஓய்வு பெற்ற சீன ஆசிரியை ஒருவர் உதவியுடன் நான்கு இளம் உறுப்பினர்கள் காட்சிவாரியாகத் தமிழ்க் குறிப்பு தயாரித்தார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். அவர்களுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகஸ்டில் நம்மைவிட்டுப் பிரிந்த முன்னாள் துணைத்தலைவருக்கு ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டுகிறேன். எந்தப் படத்துக்கும் முன்வரிசை இடது மூலை நாற்காலி அவருடையது. இப்போதும் அதில் யாரும் உட்காருவதில்லை.

அடுத்த ஆண்டுக்குச் செயலவையின் பரிந்துரை பிலிப்பைன்ஸ். அந்நாட்டின் முதல் அதிபர் எமிலியோ அகினால்டோ. ஜெரால்ட் தாரோக் இயக்கிய 'ஹெனரல் லூனா' (2015) அவரைச் சிறிதும் காப்பாற்றவில்லை. 1899-இல் தளபதி அந்தோனியோ லூனா சொந்தப் படையினர் கையாலேயே கொல்லப்பட்டதில் அதிபரின் பங்கு என்ன என்று நேராகக் கேட்கிறது. சன் படங்களைப் பார்த்த கையோடு அதைப் பார்த்தால் நமக்குப் பேச நிறைய இருக்கும். பிப்ரவரித் திரையிடலுக்கு மண்டபம் வேண்டும். இடம் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
பினாங்கு