கதைத்தால் புண் கிளறப்படுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இலங்கைப் போரில் அடிபட்டு வந்தவர்களை உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) அனுப்புவது ஆறுகிற புண்ணைக் கிளறுவது போல, மறக்க விட்டால் அதுவே மருந்து என்று போன இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். பதினொரு வருடமாக லண்டனில் தஞ்சம் கேட்டு வருபவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். அதில் பாதி நேரம் சிகிச்சை அறைகளில் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பிக் கதவுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவரும், ஊரில் ஆள் கடத்த வந்தது போன்ற வெள்ளை வான் வண்டி ஒன்று மெதுவாகப் போனால் பக்கத்துக் கடைக்குள் ஒதுங்குபவரும் எதையும் மறக்கவில்லை, ஐயா. அந்தப் புண் ஆறவே தொடங்கவில்லை.

அவர்கள் தங்கள் கதையைச் சொல்லாமலும் இல்லை. தஞ்சம் கேட்டவர் அதை நேர்காணலில் சொல்லியே ஆகவேண்டும். எந்த முகாம், எந்தத் தேதி, முதலில் ஏப்ரல் என்றீர்கள் இப்போது மே என்கிறீர்களே என்று கேள்வி வரும். அடி வாங்கிய மனம் தேதி வரிசையில் ஞாபகம் வைப்பதில்லை. முதுகில் காய்ச்சிய கம்பியால் சூடு போட்ட தழும்போடு வந்த தமிழர் ஒருவர், தஞ்சம் கிடைப்பதற்காகத் தானே சம்மதித்து யாரையோ கொண்டு சூடு போடவைத்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டு, அந்த வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் அந்த நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்துச் செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. நம்பாதவர் முன்னால் கதை சொன்னால் புண் கிளறப்படத்தான் செய்யும். அந்த அளவில் உங்கள் வாசகர் சொல்வது சரி.

சிகிச்சை அறையில் நடப்பது வேறு. ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் உருவாக்கிய ஒரு முறையில், பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கையை ஒரு கயிறாகத் தரையில் போடுவார்கள். நல்லது நடந்த இடத்தில் பூ, கொடுமை நடந்த இடத்தில் கல். மிச்சக் கயிறு சுருட்டியபடியே கிடக்கும், அது இனி வரப்போகிற காலம். வன்னியிலிருந்து வந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்) முதலில் வைத்தது ஒரு பூ. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போன நாள் அது. 2009 வந்ததும் ஒரு கல்லை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார். நேரம் முடியும்வரை கீழே வைக்கவில்லை, யாரும் வைக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் வைத்தார்.

அப்புறம் ஒவ்வொரு கல்லாகக் கதை. "அந்த நேரம் காலுக்குக் கீழே என்ன இருந்தது?" என்று சிகிச்சையாளர் கேட்டார். "மணல். சுட்டது." "இப்போது என்ன இருக்கிறது?" கீழே பார்த்துவிட்டு, "காப்பெற்" என்றார். அன்றைக்கு நடந்தது அன்றைக்கு, நான் இப்போது இங்கே இருக்கிறேன் என்று உடம்புக்குப் புரியவைப்பதுதான் இதில் பெரும்பாலான வேலை. சொன்னதை எழுதி அடுத்த முறை வாசித்துக் காட்டுவார்கள். நான் தமிழில் வாசித்தபோது ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். "அம்மா 'ஓடு' எண்டு சொல்லேல்ல. 'போ ராசா' எண்டுதான் சொன்னவ." திருத்தி எழுதினோம்.

இது பலன் தரும் என்பது என் கண் கண்டது மட்டுமில்லை. உகண்டாவின் இம்வெபி முகாமில் 43 சூடான் அகதிகளோடு செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து 29 சதவீதத்தினருக்கே PTSD எனப்படும் மனவடு நோய் (கொடுமையை அனுபவித்த பிறகு வருவது) மிச்சமிருந்தது. வெறும் ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களில் 79 சதவீதம். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு இதன் சிறுவர் வடிவத்தைச் செய்தார்கள். தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற பிள்ளைகளும் அங்கே ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே வழிதான் உண்டு என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் எந்த வழியானாலும் மொழி சரியாக இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் "ஒரே யோசனையா இருக்கு" என்பார்கள். நிறைய யோசிக்கிறார் என்று மொழிபெயர்த்தால், நல்ல விஷயம்தானே என்று வைத்தியர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நித்திரையைத் தின்கிற, சுற்றிச்சுற்றி வருகிற அந்த வேதனை மொழிபெயர்ப்பில் தொலைந்துவிடும். ஒரு மருத்துவமனையில் தாய்க்கு மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகளை இருத்தியிருந்தார்கள். தடுப்பு முகாமில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அந்தத் தாய் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, "ஒண்டுமில்லையாம் எண்டு சொல்லு" என்றார். அந்தக் குறிப்பில் ஒன்றுமில்லை என்றுதான் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலாவது அமர்வோடு ஆளை, தஞ்சம் கேட்டவர்களைத் தங்கவைக்கும் வேறு நகரத்து ஹோட்டலுக்கு அதிகாரிகள் மாற்றிவிடுகிறார்கள். கல்லைப் பாதியில் தூக்கியபடி நிற்கிறவருக்கு அங்கே மறுபடி காத்திருப்புப் பட்டியல்தான். வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் சிலரிடம் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியோ, நீதிமன்ற வழக்கு நடக்கிறது என்பதற்காக மனவடு நோய்க்கான சிகிச்சையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது.

ஆகவே உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். இன்ரப்பிரிற்றர் வேண்டும் என்று வரவேற்பிலேயே கேளுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. பெண் வேண்டுமென்றால் பெண் என்று கேளுங்கள். தெரிந்த ஊர்க்காரர் வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், தொலைபேசியில் வேறு ஊரிலிருந்து ஒருவரை இணைத்துத் தரலாம். நாங்கள் அறைக்குள் கேட்டதை வெளியே கதைப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்,
கிழக்கு லண்டன்