உப்புக்காற்று தின்ற ஷொக்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. சுகம் விசாரித்ததாகச் சொல்லு.

என் சீடி 200 மோட்டார் சைக்கிள் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது. அந்த இரட்டைச் சிலிண்டர்ச் சத்தம் அப்படியே இருக்கிறது. பின் சக்கரத்தின் ஷொக் (அதிர்வு தாங்கி) இரண்டும்தான் இந்த வருடம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டன. சீற்றை அமுக்கி விட்டால் ஒரு தரம் எழும்பி நிற்க வேண்டிய வண்டி, மூன்று நான்கு தரம் ஆடியது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கிற ஒயில். அந்த ஒயில் கசிந்து போயிருந்தது.

ஒரு கராஜில் ஒயில் சீலை (ஒயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை) மாற்றித் தந்தார்கள். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. எனக்குச் சரியான கோபம். பிறகு ஸ்பிரிங் அமுக்கும் கருவியை இரவல் வாங்கி (அது இல்லாமல் நீ தொட்டுவிடாதே, ஸ்பிரிங் தெறித்தால் முகம் போய்விடும்) நானே கழற்றி, ஷொக்குக்குள் போய்வருகிற இரும்புத் தண்டை நகத்தால் வருடிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகக் குழி! உப்புவெளியில் கடற்கரையோரம் வருடக்கணக்காக நிற்கிற வண்டி அல்லவா. தண்டு அப்படி இருந்தால் எந்தச் சீலைப் போட்டாலும் அரம்போல அராவிவிடும்.

புதுச் சோடி வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கடையில் கிடைத்தது, கண்ணுக்குக் கண் (இரு முனையிலும் போல்ட் போடுகிற துளைகள்) அளந்தால், அரை அங்குலம் கட்டை. பின்பக்கம் பதிந்துவிட்டால் அந்த வண்டியைத் திருப்புகிற சுகமே போய்விடும். அதனால் தண்டுகளைக் கொழும்புக்கு அனுப்பி, குறோம் ஏற்றி, அரைத்து எடுத்தேன். காசு கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் மனம் நிறைந்த வேலை.

ஒயிலில்தான் கவனம் வேண்டும். முன்பு யாரோ எஞ்சின் ஒயிலை ஊற்றியிருக்கிறார்கள். நான் 10 டபிள்யூ தடிப்புள்ள ஃபோர்க் ஒயில் (முன் ஷொக்குக்கு ஊற்றுகிற ஒயில்) போட்டேன். முழுக்க நிரப்பக் கூடாது, தண்டு உள்ளே போக இடம் வேண்டும். நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்பிரிங்கை ஏற்றினேன். சுவிங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை) புஷ்ஷும் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று.

போன ஞாயிறு கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் வரை போய் வந்தேன். பள்ளத்தில் விழுந்தால் ஒரே எழும்பல்தான், பிறகு அமைதி. நீ பின்னால் இருந்திருக்க வேண்டும்.

மன்னாரிலும் அதே காற்றுத்தானே. உன் வண்டியின் தண்டையும் ஒருதரம் வருடிப் பார். விட்டத்தை அளந்து எழுது, இங்கே சீல் கிடைத்தால் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்