சர்டிபிகேட் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். இங்க பெங்களூர்ல மாரத்தஹள்ளி பக்கம் போனா எங்க பாத்தாலும் ஐடி சர்டிபிகேட்டுக்கான கோச்சிங் சென்டர் போர்டுதான், ஏடபிள்யூஎஸ் (அமேசானோட கிளவுட் சேவை), டெவாப்ஸ் (சாஃப்ட்வேரை உருவாக்கி ஓட வைக்கற முறை), இன்னும் என்னென்னவோ. ஊர்லேருந்து வந்து பிஜில தங்கியிருக்கற நம்ம பசங்க காசு கட்டி சேர்ந்து டம்ப்ஸை (எக்ஸாம்ல வந்த கேள்வி-பதில் தொகுப்பை) மனப்பாடம் பண்ணி பாஸும் ஆயிடறாங்க, அப்புறம் இன்டர்வியூல சர்வர் படுத்துட்டா முதல்ல எந்த லாக்கை (சர்வர்ல நடக்கறதை பதிஞ்சு வெக்கற ஃபைலை) பாப்பேன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கறாங்க.

அதுக்காக சர்டிபிகேட்டே வேஸ்ட்னு சொல்ற சீனியருங்க பேச்சையும் என்னால ஏத்துக்க முடியல. லினக்ஸ் கம்பெனி ரெட் ஹேட்டோட ஆர்எச்சிஎஸ்ஏங்கற சிஸ்டம் அட்மின் எக்ஸாம்ல ஆப்ஷன் டிக் அடிக்கற கதையே கிடையாது, நிஜ சிஸ்டம்ல செஞ்சு காட்டணும். சைபர் செக்யூரிட்டில சிஐஎஸ்எஸ்பிங்கற சர்டிபிகேட்டை முழுசா வாங்கணும்னா பொதுவா 5 வருஷ வேலை அனுபவம் காட்டணும், அதாவது அந்த சர்டிபிகேட்டே அனுபவத்தைத்தான் கேக்குது. சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் சர்டிபிகேட் சிசிஎன்ஏ 3 வருஷத்துல காலாவதி ஆயிடும், ஆனா 10 வருஷமா ஒரே பழைய ப்ராஜெக்ட்ல உக்காந்திருக்கறவங்க அனுபவத்துக்கு யாரும் எக்ஸ்பயரி டேட் போடறதில்ல (நியாயமா போடணும்!).

கம்பெனிக்காரங்க ரெஸ்யூமேல இருக்கற லோகோவை எண்ணிட்டு இருக்காம, ஆளை ஒரு மணி நேரம் லேப்டாப் முன்னாடி உக்கார வெச்சு ஒரு பிரச்னையைக் குடுத்துப் பாக்கலாமே.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு