தக்காளி இலையைக் கீரை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுத்தோட்டப் பக்கத்தில், காய்கறிச் செடிகளின் இலையை வீணாக்காமல் சமைக்கலாம் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். முக்கால்வாசி சரிதான், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் முள்ளங்கி, பீட்ரூட், பூசணி, தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, தோட்டத்தில் விளைகிற எந்த இலையும் கீரைதான் என்று முடித்துவிட்டீர்கள். அது தப்பு. முப்பது வருஷமாக வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுகிறவள் என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். முள்ளங்கி இலை அருமையான கீரை. உழவர் சந்தையில் முள்ளங்கி வாங்கினால், நாம் கேட்காமலே தழையை முறுக்கி ஒடித்து மாட்டுக்கு ஒதுக்கிப் போடுவார்கள். நான் அதைக் கேட்டு வாங்கி வருவேன். கையில் எடுத்தால் சொரசொரவென்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பொடியாக அரிந்து, பாசிப்பருப்பு பாதி வெந்ததும் போட்டு, சின்ன வெங்காயமும் நாலு பல் பூண்டும் தட்டிப் போட்டு இறக்கினால் அந்தச் சொரசொரப்பு இருந்த இடம் தெரியாது. பீட்ரூட் இலையும் அப்படித்தான், பாலக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி அது. ஒன்று மட்டும், பீட்ரூட் இலையில் ஆக்சலேட் என்ற, கல் உண்டாக்கும் உப்பு அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அடிக்கடி சாப்பிடக் கூடாது, சாப்பிடுகிற அன்றைக்கும் வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பூசணிக் கொழுந்து, சர்க்கரைவள்ளிக் கொழுந்து, தட்டைப்பயறு இலை எல்லாம் தாராளமாகச் சமைக்கலாம். கேரளாவில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடியில், பத்து வகை இலையைச் சேர்த்து 'பத்தில' என்று பொரிப்பார்களே, அதில் பூசணி இலையும் பயறு இலையும் உண்டு.

தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு விஷயம் வேறு. இந்த மூன்றும் ஒரே குடும்பம். பூச்சி கடிக்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இலையிலும் தண்டிலும் ஆல்கலாய்டு என்கிற ஒரு வகை நச்சுப்பொருளை வைத்திருக்கின்றன. உருளைக்கிழங்கில் சோலனின், தக்காளியில் டொமேட்டின் என்று பெயர். உருளைக்கிழங்கு முளைவிட்டுப் பச்சை ஏறினால் தூக்கிப்போடச் சொல்கிறார்களே, அங்கேயும் காரணம் சோலனின்தான். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், கொதிக்கிற தண்ணீருக்கு அது அவ்வளவாக அசையாது. ஒரு தக்காளி இலை தவறி வாயில் போனால் ஒன்றும் ஆகிவிடாது. கட்டுக்கட்டாகப் பறித்துக் கூட்டு வைத்தால்தான் வயிற்றுவலி, வாந்தி, பேதி என்று போய் நிற்கும், அதுவும் சின்னக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் வரும்.

அப்படியானால் மணத்தக்காளியும் அதே குடும்பம்தானே, தூதுவளையும் அதே குடும்பம்தானே, அதை மட்டும் சாப்பிடுகிறோமே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணுக்கு, தூதுவளை சளிக்கு என்று தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்துத் தேறிய இலைகள் அவை. மிளகாயும் இந்தக் குடும்பம்தான், அதன் கொழுந்தைப் பிலிப்பைன்ஸிலும் கொரியாவிலும் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே குடும்பத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, ஒவ்வொரு இலையாகத்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் அதிகம்.

சாப்பிடலாம், ஆனால் பக்குவம் தெரிந்தால்தான் சாப்பிடலாம் என்கிற இலைகளும் இருக்கின்றன. எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நான் சேப்பங்கிழங்கு போட்டிருந்த பாத்தியில் இலை தளதளவென்று இருப்பதைப் பார்த்து, "அக்கா, ரெண்டு பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். நானும் எதற்கென்று கேட்காமல் சரி என்றுவிட்டேன். அவள் அதை மற்றக் கீரை மாதிரி அரிந்து, தேங்காய் போட்டு ஐந்து நிமிஷத்தில் பொரியல் செய்து, ருசி பார்க்க ஒரு வாய் வைத்திருக்கிறாள். கீழே ஓடி வரும்போது பேச்சே வரவில்லை, தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர். வாயை நன்றாகக் கொப்பளிக்கவைத்து, கெட்டி மோர் கொடுத்து, மூச்சு வாங்குகிறதா, உதடு வீங்குகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அதில் எது தெரிந்திருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம். நல்லவேளை, ஒரு மணி நேரத்தில் அடங்கியது.

சேம்பு இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, அதுதான் தொண்டையில் குத்துகிறது. குஜராத்தில் பாத்ரா, மங்களூர்ப் பக்கம் பத்ரொடே என்று இதே இலையில் மாவு தடவிச் சுருட்டி அவிக்கிறார்கள். அந்த மாவில் புளி கரைத்திருப்பார்கள், நன்றாக வேகவும் விடுவார்கள். புளியும் வேக்காடும் இல்லாமல் சேம்பு இலையைத் தொடவே கூடாது. அழகுக்கு வைக்கிற கலாடியம், டைஃபன்பேக்கியா இலைகளோ எந்தப் பக்குவத்திலும் ஆகாது.

அடுத்தது மரவள்ளி, எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். சேலம், நாமக்கல் பக்கம் ஏக்கர் கணக்கில் இருக்கிற பயிர், ஜவ்வரிசி ஆலைகள் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. அதன் பச்சை இலையை மென்றாலோ கசக்கினாலோ சயனைடு வெளியே வரும். எங்கள் தெருவில் கயிற்றை அறுத்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போன வெள்ளாடு ஒன்று, பிடித்து வருவதற்குள் மூச்சுத் திணறி விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தோனேசியாவிலும் காங்கோவிலும் இதே இலைதான் தினசரிக் கீரை. ஆனால் காங்கோவில் அதை உரலில் போட்டு நன்றாக இடித்து, மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட பிறகுதான் தட்டுக்கு வரும். பாட்டி வழியாக அந்தப் பக்குவம் வராத நமக்கு, 'மரவள்ளி இலையும் சத்தானது' என்று ஒற்றை வரியில் சொன்னால் என்ன அர்த்தம்?

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. கட்டுரையில் காலிஃபிளவரின் வெளி இலையைப் பொரியல் செய்யச் சொல்லியிருந்தீர்கள். இலையில் தப்பில்லை, நம் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்ததாக இருந்தால். கடையில் வாங்கியது என்றால் புழுவுக்கு அடித்த மருந்து முதலில் விழுவது அந்த வெளி இலைமேல்தான். எவ்வளவுதான் கழுவினாலும் கடை இலையை நான் சமைப்பதில்லை.

எனக்குத் தேவை ஒரு திருத்தம். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு இலைகளைச் சமைக்க வேண்டாம் என்று தெளிவாகப் போடுங்கள். சேம்புக்கும் மரவள்ளிக்கும் என்ன ஆபத்து என்று ஒரு பத்தி எழுதுங்கள். இனிமேல் எந்த இலையைப் பற்றி எழுதினாலும் எப்படிச் சமைப்பது, யார் சாப்பிடக் கூடாது என்பதையும் கூடவே போடுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அந்தக் கட்டுரையை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் திருத்தமும் எங்கோ மூலையில் வராமல், அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், வெட்டி ஒட்டுகிற அளவுக்குப் பெரிதாக வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.